ஸ்மோல்னி: கன்னியருக்குக் கட்டிய மடமும் அதில் வளர்ந்த பள்ளியும்

1772-இல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் காத்தரின் ஒரு செய்தியைச் சற்றுக் குறும்போடு தெரிவிக்கிறார். கர்த்தரின் மணவாட்டிகள், அதாவது கன்னியாஸ்திரிகள், 300 பேர் வாழ்வதற்கென்று எழுப்பப்பட்ட வீட்டில் இப்போது தாம் 500 பெண்களை வளர்த்துவருவதாகச் சொல்கிறார். மதபீடத்தைச் சீண்டுவதையே வாழ்நாள் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த வால்டேரை எப்படி மகிழ்விப்பது என்று காத்தரினுக்கு நன்றாகத் தெரியும். எண்ணிக்கையைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லியிருக்கிறார். அப்போது அந்த ஸ்மோல்னி பள்ளியின் இரு பிரிவுகளுக்கும் அனுமதிக்கப்பட்டிருந்த இடங்கள் மொத்தம் 440தான்.

அந்தக் கடிதத்தின் தொனியை அப்படியே நம்பிவிட்டால், மடம் போய்ப் பள்ளி வந்தது, இருள் போய் ஒளி வந்தது என்று கதை சுலபமாக முடிந்துவிடும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஸ்மோல்னி பள்ளியைப் பற்றிப் பலரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1764 முதல் 1917 வரையிலான அதன் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், துறவியர் இல்லாத அந்த வீட்டில் துறவின் முதன்மையான விதியான அடைப்பு, அதாவது வெளியுலகத் தொடர்பின்றி மதிலுக்குள்ளேயே வாழ்வது, மட்டும் நெடுங்காலம் நீடித்தது தெரிகிறது. அந்தப் பள்ளியில் நடந்த சண்டைகள் பெரும்பாலும் கதவை எவ்வளவு திறப்பது என்பதைப் பற்றியவையே.

முதலில் இடத்தின் கதை. நெவா நதி வளைந்து திரும்பும் கரையில், மகா பீட்டர் காலத்தில் கப்பல் கட்டும் துறைக்குத் தேவையான தாரைக் காய்ச்சிச் சேமித்துவைக்கும் முற்றம் ஒன்று இருந்தது. ரஷ்ய மொழியில் தாருக்கு ‘ஸ்மொலா’ என்று பெயர். ஸ்மோல்னி என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பீட்டரின் மகள் எலிசவெத்தா இளவரசியாக இருந்தபோது அங்கிருந்த ஒரு மாளிகையில் வசித்தார். 1741-இல் அரண்மனைப் புரட்சி ஒன்றின் வழியே அரியணை ஏறிய அவர், கடைசிக் காலத்தில் அரச பதவியைத் துறந்து கன்னியர் மடத்தில் ஒடுங்க வேண்டும் என்று நினைத்ததாகச் சொல்வார்கள். அதற்காகத்தான் 1748-இல் அதே இடத்தில் மடத்துக்கு அடிக்கல் நாட்டினார். கட்டியவர் குளிர்கால அரண்மனையை வடிவமைத்த ராஸ்ட்ரெல்லி. நீலமும் வெள்ளையுமான சுவர்கள், ஐந்து குவிமாடங்கள் கொண்ட பேராலயம், அதைச் சுற்றிக் கன்னியர் அறைகள் அமைந்த நீண்ட கட்டடங்கள், நான்கு மூலைகளிலும் சிறு கோயில்கள். முகப்பில் ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்தில் ஒரு மணிக்கூண்டும் எழுவதாக இருந்தது. துறவு பூண நினைத்தவரின் திட்டமாக அதைப் பார்த்தால் புன்னகைக்காமல் இருக்க முடியாது.

மணிக்கூண்டு எழவே இல்லை. 1756-இல் தொடங்கிய ஏழாண்டுப் போர் கருவூலத்தைக் காலிசெய்தது. எலிசவெத்தாவும் துறவு பூணாமல், பேரரசியாகவே உயிர்நீத்தார். பேராலயத்தின் உட்புறம் முடிவதற்கு 1835 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை முடித்தவர் வசீலி ஸ்தாசொவ். ஆக, 1762-இல் கணவரைக் கவிழ்த்துவிட்டு ஆட்சிக்கு வந்த காத்தரினின் கையில், பாதி முடிந்த, பாதி காலியான, மிகப் பெரிய ஒரு மடம் இருந்தது.

அதே நேரத்தில் அவருடைய ஆலோசகர் இவான் பெத்ஸ்கோயின் கையில் ஒரு கருத்து இருந்தது. பெத்ஸ்கோய் இளவரசர் ஒருவருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்தவர். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், பாரிஸின் அறிவாளர் கூட்டங்களுடன் பழகியவர். ரஷ்யக் குடும்பங்களே குழந்தைகளைக் கெடுக்கின்றன என்பது அவருடைய திடமான எண்ணம். மூடநம்பிக்கை, சோம்பல், பணியாட்களை அடிக்கும் கொடுமை எல்லாமே வீட்டிலிருந்துதான் பிள்ளைகளுக்குத் தொற்றுகின்றன என்றார். ஆகவே ஐந்து, ஆறு வயதிலேயே குழந்தையைப் பிரித்தெடுத்து, கெட்ட உதாரணம் எதுவும் கண்ணில் படாமல் வளர்த்துவிட்டால், ‘புதிய இனம்’ ஒன்றையே உருவாக்கிவிடலாம். அவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அப்படியே வளர்ப்பார்கள். 1764 மார்ச்சில் காத்தரின் ஒப்புதல் அளித்த கல்வித் திட்டத்தின் சாரம் இதுதான். அதே ஆண்டு மே மாதம் ‘உயர்குடிக் கன்னியர் கல்விச் சங்கம்’ நிறுவப்பட்டது. மடத்தின் கட்டடங்கள் அதற்கு ஒதுக்கப்பட்டன.

இத்தகைய திட்டத்துக்கு மடத்தைவிடப் பொருத்தமான கட்டடம் கிடைத்திருக்காது. நகரின் ஓரம், சுற்றிலும் மதில், வரிசையாக அறைகள், வருவோர் போவோரைக் கவனிக்க ஒரே வாயில். வேலையின் பாதியைக் கட்டடமே செய்துவிடும்.

சட்டப்படி 200 இடங்கள். ஆறு வயதில் சேர்ந்தால் பதினெட்டு வயதில்தான் வெளியே வர முடியும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிள்ளையைத் திரும்பக் கேட்க மாட்டோம் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விடுமுறைக்கு வீடு என்பது கிடையாது. குறித்த நாளில், மேற்பார்வையாளர் முன்னிலையில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஒரு கன்னியாஸ்திரியாவது தன் விருப்பத்தால், வயது வந்தபின் வாக்குறுதி கொடுக்கிறார். இங்கே வாக்குறுதியைப் பெற்றோர் கொடுத்தார்கள். அடைபட்டது ஆறு வயதுக் குழந்தை.

இவ்வளவையும் சொன்னபின், உள்ளே நடந்ததைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். பெத்ஸ்கோயின் விதிகள் குழந்தைகளை அடிப்பதை அறவே தடைசெய்தன. ஐரோப்பாவெங்கும் பிரம்பு கோலோச்சிய காலம் அது. சுத்தமான காற்று, நடை, மலர்ந்த முகம் ஆகியவை விதிகளிலேயே வற்புறுத்தப்பட்டன. மாணவியர் வயதுப்படி நான்கு பிரிவுகள். ஆடையின் நிறமே பிரிவைக் காட்டும்: சிறுமியருக்குக் காப்பி நிறம், அடுத்து நீலம், பிறகு சாம்பல், கடைசிப் பிரிவுக்கு வெள்ளை. சமயம், ரஷ்ய மொழி, பிற மொழிகள், கணக்கு, ஓவியம், இசை, நடனம், தையல் எனத் தொடங்கி, வரலாறும் நிலவியலும் சேர்ந்து, மேல் வகுப்பில் கட்டடக் கலை, குலச்சின்னவியல், பரிசோதனை இயற்பியல் வரை பாடங்கள் நீண்டன. வெள்ளை ஆடைக்காரர்கள் வீட்டுக் கணக்கு எழுதவும், கீழ் வகுப்புகளில் கற்பிக்கவும் பழக வேண்டும். பள்ளியின் தலைமையில் 1797 வரை இருந்த சோபியா தெ லபோன் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளான ஹியூகனாட் மரபில் வந்த பெண்மணி. முதல் மாணவியர் பலர் அவரைத் தாய் என்றே நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

பேரரசியும் அடிக்கடி வந்தார். லெவ்ஷினா என்ற மாணவியுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது; அதில் அதிகாரத்தின் வாடை குறைவு, கேலி அதிகம். மாணவியர் பிரெஞ்சு நாடகங்களை நடித்தார்கள். காதல் வசனங்களை எங்கே வெட்டுவது என்று வால்டேரிடமே காத்தரின் யோசனை கேட்டார். 1773-இல் பீட்டர்ஸ்பர்க் வந்த பிரெஞ்சுத் தத்துவவாதி திதரோ, இந்தப் பெண்களுக்கு உடற்கூறியல் கற்பியுங்கள், தங்கள் உடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த ஒன்றை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

1772 முதல் 1776 வரை ஓவியர் லெவிட்ஸ்கி வரைந்த ஏழு படங்களில் அந்த முதல் தலைமுறை நம் கண்முன் நிற்கிறது. ஒருத்தி ஹார்ப் வாசிக்கிறாள். ஒருத்தி இடையன் வேடத்தில் தோழியின் மோவாயைத் தொடுகிறாள். மொல்சானோவா என்ற பெண் வெண்பட்டு ஆடையில், கையில் புத்தகத்துடன், பக்கத்தில் காற்றை வெளியேற்றும் இயற்பியல் கருவியுடன் அமர்ந்திருக்கிறாள். அரச விளம்பரத்துக்காக வரையப்பட்டவைதான், சந்தேகமில்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் உருவப்படத்தில் ஆய்வுக்கருவியை வைத்துப் பெருமை பேசும் அரசுகள் எத்தனை இருந்தன?

ஸ்மோல்னியை ஐரோப்பாவின் முதல் அரசுப் பெண்கள் பள்ளி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சரியல்ல. ரஷ்யாவில் முதலாவது, அவ்வளவே. இதற்கு முன்மாதிரியே பிரான்சில் இருந்தது. மன்னர் பதினான்காம் லூயியும் அவருடைய மனைவி மேடம் தெ மாந்தெனோனும் 1686-இல் வெர்சாய் அருகே செய்ன்-சீர் என்ற ஊரில் ஏழை உயர்குடிப் பெண்கள் 250 பேருக்காக ஒரு விடுதிப் பள்ளியை நிறுவினார்கள். அங்கேயும் வகுப்புக்கு ஒரு நிறத்தில் நாடா. அங்கேயும் நாடகம்: நாடகாசிரியர் ராசீன் அந்த மாணவியருக்காகவே எழுதிய நாடகம் 1689-இல் அரசவையின் முன் நடந்தது. கைதட்டல் அளவு மீறியது. அரசவை ஆண்களின் கண்கள் மேடைப் பெண்கள் மீது பதிவதைக் கண்டு மாந்தெனோன் அஞ்சினார். 1692-இல் அந்தப் பள்ளியை முறையான கன்னியர் மடமாகவே மாற்றிவிட்டார். செய்ன்-சீரில் பள்ளி மடமானது. ஸ்மோல்னியில் மடம் பள்ளியானது. எந்தத் திசையில் போனாலும் பெண் கல்வியும் மதிலும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருந்தன.

1765-இல் உயர்குடி அல்லாத பெண்களுக்கும் ஸ்மோல்னியில் ஒரு பிரிவு திறக்கப்பட்டது. அதில் 240 இடங்கள். வணிகர், சிறு அலுவலர், நகரவாசிகள் ஆகியோரின் மகள்கள் சேரலாம். பண்ணையடிமைகளின் மகள்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. அன்றைய ரஷ்யாவில் மிகப் பெரும்பான்மையோர் குடியானவர்கள் என்பதை நினைத்தால், ‘புதிய இனம்’ எவ்வளவு சிறிய நிலத்தில் விதைக்கப்பட்டது என்று புரியும்.

1776-இல் முதல் அணி வெளியே வந்தது. சிலர் நேரே அரசவைத் தோழியரானார்கள். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. ‘ஜெர்மானிய மனிதர்’ பெத்ஸ்கோய் பன்னிரண்டு ஆண்டுகள் அடைகாத்து அறுபது கோழிகளை, அதுவும் வடிகட்டிய முட்டாள் கோழிகளை, உலகில் இறக்கிவிட்டார் என்று ஒரு கிண்டல் பாட்டு நகரில் உலவியது. பழமைவாதியான இளவரசர் ஷெர்பாத்தொவ், அங்கிருந்து கற்றவளும் வரவில்லை, நல்லொழுக்கம் உள்ளவளும் வரவில்லை என்று எழுதினார். கிண்டல் கொடுமையானது, ஆனால் ஆதாரமற்றது அல்ல. 1783-இல் அரசின் பள்ளி ஆணைக்குழு வந்து சோதித்தபோது, பாடங்கள் பிரெஞ்சில் நடப்பதால் மாணவியருக்குத் தாய்மொழியே தடுமாறுகிறது என்று கண்டது. சொந்த நாட்டில், சொந்தத் தலைநகரில், பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவர்களின் நிலை இது.

காத்தரின் 1796-இல் இறந்ததும் பள்ளி அவருடைய மருமகள், பேரரசர் பாவெலின் மனைவி மரியா பியதோரொவ்னாவின் கைக்குப் போயிற்று. 1828-இல் இறக்கும்வரை அவரே அதை நடத்தினார். வரலாற்றாசிரியர்கள் அவரைக் காத்தரினுக்கு எதிர்நிலையில் நிறுத்துவது வழக்கம். மாமியார் குடிமக்களை உருவாக்க நினைத்தார், மருமகள் இல்லத்தரசிகளை உருவாக்க நினைத்தார் என்பார்கள். அதில் உண்மை உண்டு. நல்ல மனைவி, நல்ல தாய், நல்ல குடும்பத்தலைவி என்பதே அவருடைய இலக்கு. ஆனால் ஆறு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பறிப்பது தவறு என்று சேர்க்கும் வயதை எட்டு, ஒன்பது என உயர்த்தியவரும், உயர்குடியினரின் படிப்பைப் பன்னிரண்டிலிருந்து ஒன்பது ஆண்டுகளாகக் குறைத்தவரும் அவர்தான். தத்துவம் பேசாத அந்த ஜெர்மானிய இளவரசி, குழந்தையின் பக்கம் ஓர் அடி கூடுதலாகவே நெருங்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுபக்கம், சமூகப் பிரிவுகளுக்கிடையே வேலியை உயர்த்தியவரும் அவரே. நகரவாசிப் பெண்களின் படிப்பு ஆறு ஆண்டுகளாகச் சுருங்கியது, பாடங்களும் குறைந்தன.

1806 முதல் 1808 வரை, மடத்தின் பக்கத்திலேயே இத்தாலியக் கட்டடக் கலைஞர் குவாரெங்கி புதிய கட்டடம் ஒன்றை எழுப்பினார். மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண்கள், அலங்காரம் குறைந்த நீண்ட முகப்பு, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெருங்கூடம். உயர்குடி மாணவியர் அங்கே குடியேறினர். மடத்தின் பழைய அறைகளில் நகரவாசிப் பெண்கள் தங்கிவிட்டார்கள். அந்தப் பிரிவு பின்னாளில் அலெக்சாந்தர் பள்ளி எனத் தனிப் பெயர் பெற்றது. மடத்தின் மற்றொரு பகுதி கைம்பெண்கள் இல்லமாயிற்று. இன்று ‘ஸ்மோல்னி’ என்றதும் எல்லோருடைய நினைவுக்கும் வருவது குவாரெங்கியின் கட்டடம்தான்.

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பள்ளி இறுகியது. காத்தரின் காலத்து நாடகங்களும் விருந்துகளும் மறைந்து, கண்காணிப்பு மட்டும் மிஞ்சியது. வகுப்புக்கு ஒரு கண்காணிப்பு அம்மையார்; மாணவியர் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை அவர் படித்துப் பார்ப்பார். குளிர்ந்த படுக்கையறைகள், குளிர்ந்த நீரில் குளியல், அரை வயிற்று உணவு. 1850-களில் அங்கே படித்த எலிசவெத்தா வொதவோசொவா பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்புகள் இந்த வாழ்க்கையைத் தயவு தாட்சண்யமின்றி விவரிக்கின்றன. நேசிக்க வேறு யாரும் அருகில் இல்லாத சிறுமியர், மேல்வகுப்பு மாணவி ஒருத்தியையோ ஆசிரியர் ஒருவரையோ தேர்ந்தெடுத்து ஆராதிக்கும் வழக்கம் சடங்காகவே வளர்ந்திருந்தது. படிப்பு முடியும்போது முதல் நிலை மாணவியருக்குப் பேரரசியின் பெயரெழுத்து பொறித்த தங்கச் சின்னம் கிடைக்கும். அதைத் தோளில் அணிந்து அரசவைக்குள் நுழையலாம். அந்தச் சின்னத்துக்காக ஒன்பது ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட குடும்பங்கள் இருந்தன.

1859-இல் வகுப்புகளின் ஆய்வாளராக கொன்ஸ்தாந்தின் உஷின்ஸ்கி நியமிக்கப்பட்டார். ரஷ்யக் கல்வியியலின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்டவர் இவர்தான். வந்து மூன்றே ஆண்டுகளில் அவர் செய்தவை, முந்தைய அரை நூற்றாண்டில் நடந்ததைவிட அதிகம். ஒன்பது ஆண்டுகளை ஏழாக்கினார். உயர்குடி, நகரவாசி என இரு பிரிவுகளுக்கும் ஒரே பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார். தாய்மொழியைக் கல்வியின் மையத்தில் வைத்தார். இயற்கை அறிவியலைச் சோதனைகளோடு கற்பிக்கச் செய்தார். திறமையான இளம் ஆசிரியர்களை அழைத்துவந்தார். படிப்பு முடித்தவர்கள் ஆசிரியராகப் பயிற்சி பெற ஈராண்டு வகுப்பைத் தொடங்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவியர் விடுமுறைக்கு வீடு போகலாம் என்றாயிற்று. பள்ளி தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு கதவு திறந்தது. பண்ணையடிமை முறை 1861-இல் ஒழிக்கப்பட்ட அதே காலகட்டத்தில் இது நடந்தது தற்செயல் அல்ல. நாடு முழுவதும் அப்போது அந்தக் காற்று வீசியது.

பள்ளித் தலைவி லியோன்தியெவாவுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. உஷின்ஸ்கி நாத்திகர், அரச விசுவாசம் அற்றவர் என்ற குற்றச்சாட்டுகள் மேலே போயின. அவற்றுக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் அவர் தலை நரைத்துவிட்டது என்று சொல்வதுண்டு. 1862-இல் அவர் வெளியேற நேர்ந்தது. அவமானம் வெளியே தெரியாதபடி, ஐரோப்பியப் பெண்கள் பள்ளிகளை ஆய்வுசெய்ய அனுப்பப்படுகிறார் என்று அறிவித்தார்கள். அவருடன் சில ஆசிரியர்களும் விலகினர். ஆனால் ஏழாண்டுத் திட்டத்தையும் ஆசிரியப் பயிற்சி வகுப்பையும் யாராலும் விலக்க முடியவில்லை.

அதற்குள் ஸ்மோல்னியைச் சுற்றி உலகம் மாறிவிட்டது. 1858-இலேயே விஷ்னெகிராத்ஸ்கி என்ற கல்வியாளர் பீட்டர்ஸ்பர்கில் எல்லாச் சமூகப் பெண்களுக்குமான பகல் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பள்ளி. இன்று இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் பெத்ஸ்கோயின் கோட்பாட்டை அடியோடு மறுத்தது இதுதான். மாதிரி வேகமாகப் பரவியது. 1878-இல் வரலாற்றாசிரியர் பெஸ்துஷெவ் பெயரில் பெண்களுக்கான உயர்கல்வி வகுப்புகளும் தொடங்கின. மருத்துவம், அறிவியல், புரட்சி எனப் பெயர் சொல்லும்படி வந்த ரஷ்யப் பெண்களை அதன்பின் ஸ்மோல்னியில் தேடுவதில் பயனில்லை. அது கௌரவப் பள்ளியாக நின்றுவிட்டது. மொன்டெனேகிரோ அரசரின் மகள்கள் அங்கே படித்தார்கள்; அவர்களில் எலெனா பிறகு இத்தாலியின் அரசியானார்.

1917 ஆகஸ்டில் பெத்ரோகிராத் சோவியத் (பீட்டர்ஸ்பர்கின் அன்றைய பெயர் பெத்ரோகிராத்; சோவியத் என்பது தொழிலாளர், படைவீரர் மன்றம்) ஸ்மோல்னிக்குள் வந்தது. போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றிய நவம்பர் 7 இரவு, பழைய நாள்காட்டிப்படி அக்டோபர் 25, சோவியத்துகளின் இரண்டாம் மாநாடு கூடியது குவாரெங்கியின் பெருங்கூடத்தில்தான். மாணவியரின் நடனங்களுக்கும் விழாக்களுக்கும் கட்டப்பட்ட கூடம் அது. அன்று அங்கிருந்த அமெரிக்கச் செய்தியாளர் ஜான் ரீட், ‘நான்காம் வகுப்பறை’, ‘ஆசிரியர் அலுவலகம்’ என்ற பழைய பலகைகள் கதவுகளில் அப்படியே இருந்ததையும், அவற்றின் மேல் கட்சிக் குழுக்களின் பெயர்கள் அவசரமாக எழுதித் தொங்கவிடப்பட்டிருந்ததையும் கவனித்து எழுதினார். 1918 மார்ச்சில் மாஸ்கோவுக்குப் போகும்வரை லெனினின் அரசு இங்கிருந்தே இயங்கியது. பின்னர் லெனின்கிராத் (நகரின் அடுத்த பெயர்) கட்சித் தலைமையகமாக இருந்த அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி நடைவழியில், 1934 டிசம்பர் 1 அன்று நகரின் கட்சித் தலைவர் கிரோவ் சுட்டுக்கொல்லப்பட்டார். ஸ்டாலினின் பெரும் களையெடுப்புக்குச் சாக்காக அமைந்த கொலை அது.

பள்ளி என்ன ஆயிற்று? கடைசித் தலைவியான இளவரசி கலீத்சினா மாணவியரை அழைத்துக்கொண்டு தெற்கே, டான் கொசாக்குகளின் தலைநகரான நொவொச்செர்காஸ்க் சென்றார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1919 பிப்ரவரியில், அங்கே ஓர் அணி படிப்பை முடித்தது. அதே ஆண்டு எஞ்சியவர்கள் ரஷ்யாவை விட்டு வெளியேறி செர்பியாவில் அடைக்கலம் புகுந்தார்கள். வகுப்புகள் அங்கேயும் தொடர்ந்தன.

இன்று குவாரெங்கியின் கட்டடம் நகர ஆளுநரின் அலுவலகம். நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது. பேராலயம் சோவியத் காலத்தில் கண்காட்சிக் கூடமாகவும் இசையரங்காகவும் இருந்து, அண்மையில் திருச்சபையிடம் திரும்பியிருக்கிறது. மடத்தின் அறைவரிசைகளில் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சமூகவியல், சர்வதேச உறவுகள் துறைகள் நடக்கின்றன. லெவிட்ஸ்கியின் ஏழு மாணவியரையும் பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்மோல்னிக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் படங்கள் நகரின் மையத்தில் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.